வென்றவரினும் நல்லவரா?
நெதர்லாந்துக் கால்பந்தாட்ட அணி: ஒரு மதிப்பீடு

உலகக் கோப்பைக் கால்பந்தாட்டப் போட்டி 1930ஆம் ஆண்டில் தொடங்கியது. அது முதல் 2022 வரை நடைபெற்ற 22 போட்டிகளில் எட்டு நாடுகளே கோப்பையை வென்றுள்ளன. அந்த எட்டனுள் நெதர்லாந்து இல்லை. 1974, 1978, 2010 ஆகிய மூன்று ஆண்டுகளில் அந்நாடு இறுதியாட்டம் வரை வந்தது; மூன்றிலும் தோற்றது. ஒருமுறையேனும் வெல்லாமல் மூன்று இறுதியாட்டங்களை இழந்த நாடு வேறொன்றில்லை.

ஆயினும், கால்பந்தாட்டச் சுவைஞர் ஒருவரிடம் 1974ஆம் ஆண்டுப் போட்டியைப் பற்றி வினவினால், அவர் முதலிற் சொல்லும் பெயர் வென்ற மேற்கு ஜெர்மனியின் பெயராக இருப்பது அரிது. தோற்ற அணியின் பெயரே முதலில் வரும். வரலாறு வென்றோரால் எழுதப்படுவது என்னும் பொதுக்கூற்றுக்கு இது மாறானது. தமிழ்க் கவிமரபு இத்தகைய மாறுபாட்டை முன்பே அறிந்துள்ளது. வெண்ணிப் போரில் கரிகாலன் வென்றான். முதுகிற் புண்பட்டமைக்கு நாணிய சேரமான் பெருஞ்சேரலாதன் வடக்கிருந்தான். அவ்வூரினரான வெண்ணிக் குயத்தியார், வென்றவனை முன்னிலைப்படுத்திப் பாடிய புறப்பாட்டில் தோற்றவனையே ஒருபடி உயர்த்தினார். நெதர்லாந்து அணிக்கு உலகம் அளித்துவரும் மதிப்பும் அத்தகையதே.

அம்மதிப்பு தகுமா என்பதே இங்கு எழும் வினா. அழகாக ஆடித் தோற்றவர்கள் என்னும் புகழுரை, அந்த அணியின் பிழைகளை மறைக்கும் திரையாகவும் ஆகிவிட்டது. புகழையும் பிழையையும் தனித்தனியே நிறுத்துப் பார்ப்பது அவ்வணியின்பால் அன்புடையோருக்கும் கடமையாகும்.

நெடுந்துயில்

1970ஆம் ஆண்டுக்கு முன் நெதர்லாந்தின் கால்பந்தாட்ட வரலாறு மிக எளியது. 1934இல் மிலான் நகரில் சுவிட்சர்லாந்திடம் 3-2 என்றும், 1938இல் பிரான்சின் ல ஆவ்ர் நகரில் செக்கோஸ்லோவாக்கியாவிடம் 3-0 என்றும் தோற்று, இரு உலகக் கோப்பைகளிலும் முதல் ஆட்டத்தோடே அவ்வணி வீடு திரும்பியது. அதன்பின் 36 ஆண்டுகள் உலகக் கோப்பைக் களத்தில் அது காலடி வைக்கவில்லை.

இத்தேக்கத்திற்கு ஒரு காரணம் வெளிப்படையானது. ஊதியம் பெற்று ஆடுவதை நெதர்லாந்துக் கால்பந்தாட்டச் சங்கம் நெடுங்காலம் ஏற்கவில்லை. திறமுடையோர் வெளிநாட்டுக் கழகங்களுக்குச் சென்றனர். சென்றவர்களுக்கு நாட்டு அணியில் இடமில்லை. 1953ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் இரவு வடகடல் பொங்கி அணைகளை உடைத்தது. நெதர்லாந்தில் மட்டும் 1,836 பேர் மாண்டனர். வெளிநாடுகளில் ஊதியத்திற்கு ஆடிவந்த டச்சு ஆட்டக்காரர்கள் ஒன்றுகூடி, வெள்ளத்தால் நலிந்தோருக்கு நிதி திரட்டும் பொருட்டு அவ்வாண்டு மார்ச்சு 12ஆம் நாள் பாரிஸ் நகரில் பிரான்சு அணியை எதிர்த்து ஆடி, 2-1 என வென்றனர். சங்கம் விலக்கிவைத்தவர்கள் நாட்டின் துயர் துடைக்க ஆடி வென்ற காட்சி மக்கள் மனத்தை மாற்றியது. அடுத்த ஆண்டே, 1954இல், ஊதிய ஆட்டம் ஏற்கப்பட்டது. பின்னாளைய பெருமைக்கெல்லாம் கால்கோள் அந்த ஒரு மாலையில் நடந்தது எனலாம்.

அதன் விளைச்சல் பதினாறு ஆண்டுகளிற் கைக்கு வந்தது. 1970இல் ராட்டர்டாம் நகரின் ஃபையனூர்ட் கழகம் ஐரோப்பியக் கழகக் கோப்பையை வென்றது. 1971, 1972, 1973 என அடுத்த மூன்று ஆண்டுகளும் ஆம்ஸ்டர்டாமின் அயாக்ஸ் கழகம் அதே கோப்பையைக் கைக்கொண்டது. 1974ஆம் ஆண்டின் நாட்டு அணி பெரும்பாலும் இவ்விரு கழகங்களின் பிள்ளைகளால் ஆனது.

ஆட்டமுறையின் புதுமை

அவ்வணியின் ஆட்டத்தை 'முழுமைக் கால்பந்தாட்டம்' என உலகம் அழைத்தது. அதன் அடிப்படை எளிது. ஆட்டக்காரர் எவருக்கும் நிலையான இடமில்லை. ஆனால் இடம் ஒவ்வொன்றும் எப்போதும் நிரம்பியிருக்க வேண்டும். தற்காப்பில் நிற்பவர் முன்னேறினால் நடுக்களத்தவர் பின்னிறங்கி அவ்விடத்தைக் காப்பார். பந்து தம்மிடம் இருக்கையில் களத்தை அகலமாக்குவர். எதிரியிடம் இருக்கையில் மூவரும் நால்வருமாக அவரைச் சூழ்ந்து களத்தைச் சுருக்குவர். தற்காப்பு வரிசை ஒருசேர முன்னோக்கி ஓடி எதிரணித் தாக்குநரை ஆஃப்சைடில் விட்டுவிடும். செய்யுளில் ஒரு சீர் பெயர்ந்தால் மற்றச் சீர்கள் ஓசை குன்றாமல் இடம் மாறி நிற்பது போன்றது இது. பதினொருவரும் முழு ஆட்டத்தையும் அறிந்திருந்தாலன்றி இயலாதது.

இதனைச் சமைத்தவர் பயிற்சியாளர் ரினுஸ் மிக்கேல்ஸ். களத்தில் நடத்தியவர் அணித்தலைவர் ஜோஹன் கிரைஃப். இது இவ்விருவரின் தனிப்படைப்பு அன்று. 1930களின் ஆஸ்திரியாவும் 1950களின் ஹங்கேரியும் இவ்வழியில் முன்னோடிகள். மிக்கேல்ஸ் இளமையில் ஆடிய அயாக்ஸ் கழகத்தைப் பல ஆண்டுகள் பயிற்றுவித்த ஆங்கிலேயர் ஜாக் ரெய்னால்ட்ஸும் நினைக்கத்தக்கவர். இதில் ஒரு வியத்தகு ஒப்புமையும் உண்டு. ஹங்கேரி 1954ஆம் ஆண்டு இறுதியாட்டத்தில் இரண்டு கோல் முன்னணியில் இருந்து, அதே மேற்கு ஜெர்மனியிடம் 3-2 எனத் தோற்றது.

1974: ஆறு ஆட்டங்கள்

அப்போட்டிக்குள் நெதர்லாந்து நுழைந்ததே நடுவர் பிழையால் என்பதைப் புகழ்பாடுவோர் பெரும்பாலும் சொல்வதில்லை. 1973ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் ஆம்ஸ்டர்டாமில் பெல்ஜியத்தோடு நடந்த தகுதியாட்டத்தில், இறுதி நிமிடத்தில் பெல்ஜியத்தின் வெர்ஹேயன் அடித்த கோல் ஆஃப்சைடு எனத் தவறாக மறுக்கப்பட்டது. ஆட்டம் கோலின்றி முடிந்தது. தகுதிச்சுற்றில் ஒரு கோலும் வாங்காத பெல்ஜியம் வீட்டிலிருக்க, கோல் வேறுபாட்டால் நெதர்லாந்து மேற்கு ஜெர்மனிக்குப் பயணமாயிற்று.

அங்கே அது நிகழ்த்தியது என்ன? உருகுவேயை 2-0 என வென்றது. சுவீடனோடு கோலின்றிச் சமன் செய்தது. பல்கேரியாவை 4-1 என வீழ்த்தியது. இரண்டாம் சுற்றில் அர்ஜென்டினாவை 4-0, கிழக்கு ஜெர்மனியை 2-0, முந்தைய கோப்பையை வென்ற பிரேசிலை 2-0 என அடுத்தடுத்து வென்றது. ஆறு ஆட்டங்களில் 14 கோல்கள் அடித்து ஒன்றே வாங்கியது. அந்த ஒன்றும் பல்கேரியர் அடித்ததன்று. ரூட் குரோல் தம் அணியின் வலைக்குள்ளேயே தவறித் தள்ளியது. இறுதியாட்டம் வரை எதிரணியார் ஒருவர்கூட அவ்வலையிற் கோல் போடவில்லை என்பது தாக்குதலுக்குப் பேர்போன அணிக்கு உரிய வியப்பான சான்று.

எண்களினும் சுவைஞர் நெஞ்சில் நிற்பவை சில கணங்களே. சுவீடன் ஆட்டத்தில் கோல் விழவில்லை. ஆனால் கிரைஃப் பந்தை உதைப்பதுபோற் காட்டி, தம் நிலைக்காலுக்குப் பின்னே அதனை இழுத்துத் திரும்ப, தற்காத்து நின்ற யான் ஓல்சன் எதிர்த்திசையிற் சென்றுவிட்டார். கோலுக்கு உதவாத அந்த ஓர் அசைவு இன்றளவும் 'கிரைஃப் திருப்பம்' என்னும் பெயரில் உலகெங்கும் சிறுவர்களாற் பழகப்படுகிறது. பிரேசில் ஆட்டம் வேறு வகையினது. இருபுறமும் முரட்டு ஆட்டம் மிகுந்திருந்தது. குரோல் இடப்புறத்திலிருந்து அனுப்பிய பந்தைக் கிரைஃப் ஓடிவந்து நிலம் தொடுமுன் வலைக்குள் சேர்த்த கோல் அவ்வாட்டத்தை முடித்துவைத்தது.

மியூனிக் இறுதியாட்டம்

1974 சூலை 7. மியூனிக் ஒலிம்பிக் அரங்கு. மூலைக்கொடிகளை நட மறந்தமையால் ஆட்டம் சற்றுத் தாமதமாகத் தொடங்கியது. டச்சு அணி பந்தைத் தமக்குள்ளே மாற்றி மாற்றி வழங்கிற்று. பின்னிறங்கி நின்ற கிரைஃப் திடீரென முன்பாய்ந்தார். பெனால்ட்டிப் பரப்பினுள் உலி ஹொனஸ் அவரை வீழ்த்தினார். ஆங்கிலேய நடுவர் ஜாக் டெய்லர் பெனால்ட்டி வழங்க, நீஸ்கன்ஸ் இரண்டாம் நிமிடத்தில் கோல் அடித்தார். ஜெர்மானியர் எவரும் அதுவரை பந்தைத் தொட்டிருக்கவில்லை. ஜெர்மானிய அணியில் முதலில் பந்தைத் தொட்டவர் வலைக்குள்ளிருந்து அதனை எடுத்த கோல்காப்பாளர் செப் மையரே.

அடுத்த இருபது நிமிடங்களிலேதான் அந்த இறுதியாட்டத்தின் முடிவு உருவாயிற்று. டச்சுக்காரர் பந்தைக் கைவிடவில்லை. ஆனால் இரண்டாவது கோலையும் தேடவில்லை. ஜெர்மானியரை எள்ளி நகையாட விரும்பியதாகவும், அதில் இரண்டாம் கோலை மறந்ததாகவும் ஜானி ரெப் பின்னாளில் ஒப்புக்கொண்டுள்ளார். இதற்குப் பின்னணியும் உண்டு. 1940 முதல் 1945 வரை ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் இருந்த நாடு நெதர்லாந்து. நடுக்களத்தில் ஆடிய விம் வான் ஹானகெம், 1944இல் நிகழ்ந்த குண்டுவீச்சில் தந்தையையும் உடன்பிறந்தோரையும் இழந்தவர். வெற்றியோடு அவமதிப்பையும் சேர்த்து வழங்க வேண்டும் என்னும் எண்ணம் எங்கிருந்து வந்தது என்பது விளங்காததன்று. ஆனால் களம் அதனை மன்னிக்கவில்லை.

25ஆம் நிமிடத்தில் ஹோல்சன்பைன் வீழ, பிரைட்னர் பெனால்ட்டியாற் சமன் செய்தார். இடைவேளைக்குச் சற்றுமுன், 43ஆம் நிமிடத்தில், கெர்ட் முல்லர் பந்தை நிறுத்தித் திரும்பி மெல்லத் தள்ளினார், 2-1. இடைவேளையில் நடுவரோடு வாதிட்ட கிரைஃப் மஞ்சள் அட்டை பெற்றார். பெர்ட்டி ஃபோக்ட்ஸ் அவரை நிழல்போற் பின்தொடர்ந்தார். இரண்டாம் பாதியில் டச்சு அணி இடைவிடாது தாக்கியும் மையர் தடுத்துவிட்டார்.

ஜெர்மானிய மண், ஐயத்திற்குரிய பெனால்ட்டி, ஊழ் என்று காரணம் கூறுவோர் பலர். இக்காரணங்கள் நிறுக்க நில்லா. ஜெர்மானிய மண்ணிலேயே ஆட்டம் தொடங்கிய இரண்டாம் நிமிடத்தில் டச்சு அணிக்குப் பெனால்ட்டி வழங்கத் துணிந்தவர் அந்நடுவர். இரண்டாம் பாதியில் முல்லர் அடித்த மற்றொரு கோலை ஆஃப்சைடு என மறுத்ததும் அந்நடுவர் குழுவே. மேலும், தகுதிச்சுற்றில் ஊழின் கொடையாலேயே உள்நுழைந்த அணி, இறுதியில் ஊழை நொந்துகொள்ளல் பொருந்தாது. மேற்கு ஜெர்மனி முதற்சுற்றிற் கிழக்கு ஜெர்மனியிடம் 1-0 எனத் தோற்று, தன் பிழையை உணர்ந்து, அணியை மாற்றி, ஆட்டந்தோறும் வளர்ந்தது. நெதர்லாந்தோ தன் உச்சத்தை இறுதிக்கு முன்பே அடைந்துவிட்டது. பெக்கன்பவரும் முல்லரும் இருந்த அணியை வெறும் காரியவாதிகளின் கூட்டமாகக் காட்டுவதும் நேர்மையன்று.

1978: கம்பத்திற் பட்ட பந்து

நான்காண்டுகளுக்குப்பின் அர்ஜென்டினாவில் நடந்த போட்டிக்குக் கிரைஃப் செல்லவில்லை. அரசியல் காரணம் எனப் பலரும் எண்ணினர். 1977இல் பார்சிலோனாவில் தம் வீட்டில் நடந்த கடத்தல் முயற்சியே காரணம் என 2008இல் அவர் வெளிப்படுத்தினார். ஆஸ்திரியரான எர்ன்ஸ்ட் ஹாப்பல் பயிற்றுவித்த அணி முதற்சுற்றில் தடுமாறி, ஸ்காட்லாந்திடம் 3-2 எனத் தோற்றும் தப்பியது. இரண்டாம் சுற்றில் ஆஸ்திரியாவை 5-1 என வென்று விழித்தெழுந்தது. ஆரி ஹான் நெடுந்தொலைவிலிருந்து அடித்த கோலால் இத்தாலியை 2-1 என வென்று இறுதிக்கு வந்தது.

1976 முதல் இராணுவக் குழுவின் பிடியிலிருந்த நாட்டின் தலைநகரில், சூன் 25ஆம் நாள், மாற்றணியார் வேண்டுமென்றே தாமதித்து வந்தனர். ரெனே வான் டி கெர்க்கோஃப் கையிற் போட்டிருந்த மாவுக்கட்டைக் காட்டி முறையிட்டனர். கெம்பஸ் முதற் கோல் அடிக்க, நானிங்கா 82ஆம் நிமிடத்தில் தலையால் முட்டிச் சமன் செய்தார். 90ஆம் நிமிடம் அது. நெடும்பந்து ஒன்றைத் துரத்திச் சென்ற ராப் ரென்சன்பிரிங்க், குறுகிய கோணத்திலிருந்து காலை நீட்டித் தொட்டார். பந்து கம்பத்திற் பட்டுத் திரும்பியது. கூடுதல் நேரத்தில் அர்ஜென்டினா இரு கோல்கள் அடித்து 3-1 என வென்றது.

1974இன் அணியைப் போல் இது அழகிய அணியன்று. ஆனால் நெஞ்சுரத்தில் அதற்கு இளைத்ததும் அன்று. தலைவனின்றி, பகைமிக்க அரங்கில், பின்தங்கி நின்று மீண்டு, கோப்பைக்கு ஒரு சாண் தொலைவு வரை வந்தது. புகழ் 1974க்குப் போயிற்று. பரிவு உண்மையில் 1978க்கு உரியது.

1988: அதே அரங்கு

1982, 1986 உலகக் கோப்பைகளுக்கு நெதர்லாந்து தகுதி பெறவே இல்லை. 1988இல் மேற்கு ஜெர்மனியில் நடந்த ஐரோப்பியக் கோப்பைக்கு மிக்கேல்ஸ் மீண்டும் பொறுப்பேற்றார். முதல் ஆட்டத்தில் சோவியத் ஒன்றியத்திடம் 1-0 எனத் தோல்வி. இங்கிலாந்தை மார்கோ வான் பாஸ்டனின் மூன்று கோல்களால் 3-1 என வென்றது. அயர்லாந்தை 82ஆம் நிமிடக் கோலால் வென்று அரையிறுதி வந்தது.

சூன் 21ஆம் நாள் ஹாம்பர்க் நகரில் எதிரே நின்றது மேற்கு ஜெர்மனி. மத்தேயஸ் பெனால்ட்டியால் முன்னிலை பெற, கூமன் பெனால்ட்டியாற் சமன் செய்ய, 88ஆம் நிமிடத்தில் வான் பாஸ்டன் சறுக்கியவாறே அடித்த கோல் 2-1 என முடித்தது. நெதர்லாந்தின் தெருக்களில் மக்கள் வெள்ளமெனப் பெருகினர். ராட்டர்டாம் கவிஞர் யூல்ஸ் டேல்டர் அவ்வாட்டத்தின் நாளையே தலைப்பாக்கி ஒரு கவிதை எழுதினார். ஓர் அரையிறுதியின் தேதி கவிதைத் தலைப்பாகும் அளவுக்கு அந்நாட்டின் போர்க்கால நினைவும் பதினான்கு ஆண்டுப் புண்ணும் ஒன்றாய்க் கலந்திருந்தன.

நான்கு நாட்களுக்குப்பின் இறுதியாட்டம் நடந்தது, தோல்வி கண்ட அதே மியூனிக் அரங்கில். சுரினாம் வழிவந்த ரூட் குலிட் அணித்தலைவர். அவர் தலையால் முட்டி முதற் கோல் போட்டார். ஆர்னால்ட் மூரன் உயர்த்தி அனுப்பிய பந்தை, கோல் எல்லைக்கோட்டை ஒட்டிய நம்பமுடியாத கோணத்திலிருந்து, நிலம் படுமுன் வான் பாஸ்டன் அடித்தது இரண்டாம் கோல். 2-0. ஆடவர் அணியின் பெருங்கோப்பை இன்றளவும் அது ஒன்றே. மகளிர் அணி 2017இல் தன் நாட்டிலேயே ஐரோப்பியக் கோப்பையை வென்று இரண்டாவதைச் சேர்த்தது.

பெனால்ட்டியும் பெருமூச்சும்

பின்வந்த காலம் பெரும்பாலும் பெனால்ட்டித் தோல்விகளின் பட்டியல். 1992இல் டென்மார்க், 1996இல் பிரான்சு, 1998இல் பிரேசில், 2000இல் இத்தாலி, 2014இலும் 2022இலும் அர்ஜென்டினா என ஆறுமுறை அவ்வணி இவ்வாறு வெளியேறியது. 2004இல் சுவீடனையும் 2014இல் கோஸ்டாரிக்காவையும் வென்றவை மட்டுமே விலக்கு. இவற்றுள் ஆம்ஸ்டர்டாமில் நடந்த 2000ஆம் ஆண்டு அரையிறுதி தனித்து நிற்பது. ஆட்ட நேரத்தில் இரண்டு, முடிவில் நான்கு என ஒரே மாலையிற் கிடைத்த ஆறு பெனால்ட்டிகளுள் ஐந்தைத் தவறவிட்டனர். இதனையும் ஊழ் என்றால் ஊழுக்கே பொறுக்காது. நுண்மையான ஆட்டத்திற்கு ஓயாது பயின்றவர்கள், பன்னிரண்டு கெஜத் தொலைவிலிருந்து உதைக்கும் எளிய செயலுக்குப் போதிய மதிப்பளிக்கவில்லை எனக் கருதவும் இடமுண்டு.

2010: அழகைத் துறந்த அணி

தென்னாப்பிரிக்காவில் நடந்த 2010ஆம் ஆண்டுப் போட்டி இம்மதிப்பீட்டிற்கு உரைகல். பெர்ட் வான் மார்வைக் பயிற்றுவித்த அணி வெற்றியையே குறியாகக் கொண்டது. ஆறு ஆட்டங்களையும் வென்று இறுதிக்கு வந்தது. 1974இன் அணிகூட அவ்வாறு வரவில்லை. சூலை 11ஆம் நாள் ஜோகன்னஸ்பர்க்கில் ஸ்பெயினை எதிர்த்தபோது, ஆட்டத்தைக் கட்டுவதைவிடக் கலைப்பதையே வழியாகத் தேர்ந்தது. நைஜல் டி யோங், சாபி அலோன்சோவின் மார்பில் உதைத்தார். ஓர் உலகக் கோப்பை இறுதியில் அதுவரை காணாத எண்ணிக்கையில் மஞ்சள் அட்டைகள் உயர்ந்தன, ஹைட்டிங்கா வெளியேற்றப்பட்டார். தனியே முன்னேறிய ஆர்யன் ராபனின் பந்தைக் கசியாஸ் காலாலே தடுத்தார். 116ஆம் நிமிடத்தில் இனியெஸ்டாவின் கோல் முடிவுரைத்தது.

தம் நாட்டு அணியின் அந்த ஆட்டத்தை வெளிப்படையாகக் கடிந்தவர்களுள் முதல்வர் கிரைஃப். அதற்கு அவருக்கு உரிமையும் இருந்தது. 1988 முதல் 1996 வரை பார்சிலோனாக் கழகத்தைப் பயிற்றுவித்து, 1974இன் ஆட்டமுறையை அங்கே வேரூன்றச் செய்தவர் அவர். அக்கழகத்தில் வளர்ந்த சாவியும் இனியெஸ்டாவும் ஸ்பெயினின் நடுக்களத்தை ஆண்டனர். ஆகவே, ஜோகன்னஸ்பர்க்கில் செம்மஞ்சள் உடை பூண்டவர்களிடம் அந்த மரபு இல்லை. எதிரே நின்றவர்களிடம் இருந்தது. 1974இன் நெதர்லாந்து விதைத்தது, 2010இன் நெதர்லாந்தை வென்றது.

நிறைவு

மூன்று இறுதியாட்டங்களையும் ஒருங்குவைத்து நோக்கினால் சில முடிவுகள் தெளிவாகும். 1974இல் நெதர்லாந்து சிறந்த அணி. ஆனால் அன்றைய ஆட்டத்தின் சிறந்த அணியன்று. அதன் தோல்வி திருடப்பட்ட வெற்றியன்று. செருக்கால் நழுவவிட்டது. 1978இல் அது மறக்கப்பட்ட வீரத்தோடு தோற்றது. 2010இல் கோப்பைக்காகத் தன் இயல்பை விற்று, கோப்பையும் பெறாமல் இயல்பும் இழந்து திரும்பியது. அழகு தோல்விக்குக் காரணம் என்று கூறுவோருக்கு 1988உம், அழகை விட்டால் வெற்றி வரும் என்று கூறுவோருக்கு 2010உம் போதிய மறுமொழிகள்.

வெண்ணிக் களத்தில் தோற்றவன் தன் புண்ணுக்குத் தானே நாணினான். அந்த நாணமே அவனை உயர்த்தியது. தோல்விக்குப் பிறரைக் காரணம் காட்டியிருப்பின் புலவர் அவனைப் பாடியிருக்கமாட்டார். நெதர்லாந்து அணியின் புகழுக்கும் இதுவே அளவுகோல். தங்கள் செருக்கைத் தாங்களே ஒப்புக்கொண்ட ஆட்டக்காரர்கள் அப்புகழுக்குத் தகுதியுடையர். நடுவரையும் ஊழையும் பழிக்கும் புகழ்பாடிகள் அதனைக் குறைக்கின்றனர்.

மிக்கேல்ஸ் 2005இலும், கிரைஃப் 2016இலும், முதற் கோலடித்த நீஸ்கன்ஸ் 2024இலும் மறைந்தனர். ஆம்ஸ்டர்டாமின் பேரரங்கு 2018 முதல் கிரைஃபின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர்கள் கோப்பையில் பெயர் பொறிக்கவில்லை. ஆனால் இன்று உலகின் எந்தச் சிறந்த அணி ஆடும்போதும், தற்காப்பாளர் முன்னேற நடுக்களத்தவர் அவ்விடத்தை நிரப்பும் ஒவ்வொரு முறையும், 1974ஆம் ஆண்டின் அந்தப் பதினொருவர் வகுத்த இலக்கணமே கையாளப்படுகிறது. இலக்கியம் தோற்ற பின்னும் இலக்கணம் நிலைத்த அரிய வரலாறு அது.